இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு உதவ முன்வருவோர் உள்ளூர் அமைப்புகளோடு இணைந்து செயல்படுவது எப்படி?

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு முன்னாள் மாணவர் சங்கங்கள், தொழில் நிறுவனங்களின் அறக்கட்டளைகள், கனடாவிலும் பிரிட்டனிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள் எனப் பல தரப்பினர் முன்வருகிறார்கள். பணமும் மனமும் இருந்தும், யாரை அணுகுவது, எந்த அனுமதி வேண்டும், பணத்தை எந்த வழியில் கொடுப்பது என்று தெரியாமல், ஒருநாள் போர்வை வழங்கிவிட்டுத் திரும்பி வருவதோடு பலருடைய முயற்சி நின்றுவிடுகிறது. அப்படிப் புதிதாக வருவோருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. முகாம்களில் நீண்டகாலம் பணியாற்றும் உள்ளூர் அமைப்பைப் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் ஆளாக நடத்தாமல், எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதையே உங்களோடு சேர்ந்து முடிவு செய்யும் பங்காளியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இதில் வலியுறுத்தப்படுகிறது.

முதற்படி: முகாம்களின் நிலையைப் படித்துக்கொள்ளுங்கள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கிய வருகை, 1990, 1996, 2006 ஆகிய ஆண்டுகளையொட்டிப் போர் தீவிரமடைந்தபோதெல்லாம் அலை அலையாகத் தொடர்ந்தது. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் சிலர் படகேறித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தார்கள். 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அரசு அளித்த விவரப்படி, 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் சுமார் 58,800 பேர் வாழ்ந்தார்கள். சுமார் 34,000 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருந்தார்கள். வெளிப்பதிவில் இருப்போர் என்று அழைக்கப்படும் இவர்களுக்கு, முகாமில் உள்ளோருக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை கிடைப்பதில்லை என்பதையும், பெரும்பாலான கொடையாளர்களின் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

அதே 2021ஆம் ஆண்டு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்ற பெயர் வந்தது. 317 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அவற்றுள் அடங்கும். பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அரசு கொடுப்பதையே நீங்களும் கொடுப்பது வீண் என்பதால், நீங்கள் உதவ எண்ணும் முகாமில் புதிய வீடுகள் வந்துவிட்டனவா, மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. முகாம்வாசிகள் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்களாகவும், நடைமுறையில் மாநில அரசின் ஆதரவில் வாழ்பவர்களாகவும் இருக்கிறார்கள். வேலை, வங்கிக் கணக்கு, கல்லூரிச் சேர்க்கை, வாகனப் பதிவு என அவர்களுடைய அன்றாட இடர்கள் பலவற்றின் வேர் இந்த நிலையில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

முகாம்களில் பணியாற்றும் அமைப்புகளில் இரண்டு பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. ஒன்று, 1984இல் சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ஏதிலியரே, அதாவது அகதிகளே, ஏதிலியருக்காக நடத்தும் அமைப்பு என்பது அதன் தனிச்சிறப்பு. மற்றொன்று, கல்வியில் அதிகக் கவனம் செலுத்தும் இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பு. இவை தவிர, மாவட்ட அளவில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்களும், சட்ட உதவி செய்யும் வழக்கறிஞர் குழுக்களும், முகாமுக்குள்ளேயே செயல்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் உண்டு. பெரிய பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தேர்ந்த முகாமில் இன்று யார் வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம்.

பதிவுச் சான்று, வரிவிலக்குக்காக வருமான வரித் துறை தரும் 12ஏபி, 80ஜி சான்றுகள், மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாள்களில் தெரியாதவற்றை நேரில் விசாரித்துத்தான் அறிய வேண்டும். களப்பணியாளர்களில் எத்தனை பேர் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நிர்வாகக் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா, ஒரு திட்டம் தோற்றுப்போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். தாங்கள் செய்ய முடியாத வேலையை முடியாது என்று நேராகச் சொல்லும் அமைப்பு கிடைத்தால், பளபளப்பான ஆண்டறிக்கை வைத்திருக்கும் அமைப்பைவிட அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

அவர்களும் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள்; அதற்கு இடம் கொடுங்கள். உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு அரசியல் தொடர்பு உண்டா, எத்தனை ஆண்டுகள் நிற்பீர்கள் என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991க்குப் பின் சில ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. பொறுப்பில்லாத ஒரு கொடையாளரின் ஒரு பேச்சு, அவர்கள் நெடுங்காலமாகக் காத்துவரும் அனுமதியைக் கெடுத்துவிடக்கூடும் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

மூன்றாம் படி: பணம் வரும் வழியைச் சட்டப்படி அமைத்தல்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வருமானால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். இந்தச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்ற அமைப்போ, ஒரு குறிப்பிட்ட பணிக்காக முன் அனுமதி பெற்ற அமைப்போ மட்டுமே அந்தப் பணத்தை வாங்க முடியும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அது இன்றும் நடப்பில் இருக்கிறதா என்பதை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2020 செப்டம்பரில் வந்த திருத்தம் கூட்டாகச் செயல்படும் முறையையே மாற்றியமைத்தது. அதற்கு முன், பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டுப் பணத்தைப் பெற்று, அதே சட்டத்தின்கீழ் பதிவுள்ள சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இப்போது பெற்ற அமைப்பே செலவழிக்க வேண்டும்; பதிவுள்ள அமைப்பாக இருந்தாலும் வேறொன்றுக்கு மாற்றக் கூடாது. சென்னையில் ஒரு பெரிய அமைப்பிடம் மொத்தமாகக் கொடுத்தால் அது மாவட்டக் குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடும் என்று வெளிநாட்டுச் சங்கம் ஒன்று போடும் திட்டம் இன்று சட்ட விரோதம். மேலும், பணம் முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த அமைப்புக்கு இருக்கும் தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு, பெற்ற தொகையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பு இந்த வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. கற்பிக்கும் ஆசிரியர், சிகிச்சை தரும் மருத்துவர் போன்று நேரடிப் பணியில் இருப்போரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. எது எந்தக் கணக்கில் வரும் என்பதை அமைப்பின் பட்டயக் கணக்காளரோடு முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

யாருடைய பணம் வெளிநாட்டுப் பணம் என்பதிலும் குழப்பம் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேமித்த பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனேடியக் குடியுரிமை பெற்ற ஈழத் தமிழரோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினரோ அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். நன்கொடையாக அனுப்பும் பொருள்களும் இதில் அடங்கும் என்பதால், மடிக்கணினிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் சட்டம் பொருந்தாது என்று எண்ண வேண்டாம். முகாமில் உள்ள தெரிந்தவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பி, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர், எந்தப் பாதுகாப்பும் இல்லாத அந்த முகாம்வாசிதான்.

உள்நாட்டுப் பணத்துக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. இருப்பினும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிவிலக்குக் கிடைக்காது என்பதாலும், கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதாலும், எல்லாவற்றையும் வங்கி வழியாகவே செய்யுங்கள்.

நான்காம் படி: அனுமதி

முகாம்கள் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தின் கீழும், மாவட்டத்தில் ஆட்சியரின் பொறுப்பிலும் இருக்கின்றன. வருவாய்த் துறை அலுவலர்கள் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கிறார்கள். மாநிலக் காவல் துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் காவலர்கள் கண்காணிக்கிறார்கள். வெளியார் அனுமதியின்றி உள்ளே சென்று கூட்டம் நடத்தவோ பொருள் வழங்கவோ கூடாது. விண்ணப்பத்தை உள்ளூர் அமைப்பின் பெயரிலேயே கொடுப்பது நல்லது. எந்த முகாம், எந்த நாள், யார் யார் வருகிறார்கள், என்ன வழங்கப்படுகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் வருவதாக இருந்தால் அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து முகாமுக்குள் பணி செய்யலாம் என்று எண்ணாதீர்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்று கணக்கிட்டே தேதியைக் குறியுங்கள்.

ஐந்தாம் படி: தேவையை அவர்களிடமிருந்தே அறிதல்

கணக்கெடுப்புப் படிவத்தை நீங்களே தயாரித்து அனுப்புவதற்கு முன், முகாமில் நடக்கும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலான ஆண்கள் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் என்பதால், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை ஏழு மணிக்கு மேலோதான் வைக்க முடியும். முகாம் தலைவர் முன்வரிசையில் அமர்ந்து, சாலை, குடிநீர், கழிப்பறை என்று வரிசையாகச் சொல்வார். அவை உண்மையான தேவைகளே. பின்னால் நிற்கும் பெண்களைத் தனியே உட்காரவைத்து, முகாமைச் சேர்ந்த பெண் பணியாளர் ஒருவர் பேச்சுக் கொடுத்தால் அங்கே வேறு பட்டியல் வரும்: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை கட்ட முடியவில்லை, பத்துக்குப் பத்து அடி அறையில் சேலையைத் திரையாகக் கட்டி மூன்று தலைமுறை படுக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் கல்லூரிக்குப் போகாமல் பெயிண்ட் வேலைக்குப் போகிறான். இந்தப் பெண் பணியாளரைப் போன்றவரை வேலைக்கு வைத்திருப்பதுதான் உள்ளூர் அமைப்பின் பலம். வெளியிலிருந்து வரும் எந்த நிபுணரும் அவருக்கு ஈடாக மாட்டார்.

புதியவர்கள் உதவி என்றவுடன் அரிசி, உடை, நோட்டுப் புத்தகம் என்று நினைக்கிறார்கள். அவசர காலத்தில், புயலிலோ தீ விபத்திலோ, அவை தேவைதான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக நீடிக்கும் முகாம் வாழ்வில் எனக்கு முதன்மையாகத் தோன்றும் உதவிகள் மூன்று. ஒன்று, மாலைநேரப் பாட வகுப்பு நடத்தும் முகாம் ஆசிரியருக்கு மாதம் தவறாத ஊதியம். இரண்டு, கல்லூரி மாணவருக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து உறுதி செய்யப்பட்ட கட்டணமும் விடுதிச் செலவும். மூன்று, ஆவண உதவி.

மூன்றாவதைப் பற்றிக் கொடையாளர்கள் கேள்விப்பட்டிருப்பதே அரிது. முகாம்களில் வாழ்வோரில் கணிசமானோர், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கை சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடியுரிமை தர இந்தியா ஒப்புக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு தொடர்புடைய குடும்பங்கள். இவர்களுடைய சட்ட நிலை யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்தவரின் நிலையிலிருந்து வேறுபடும். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய இந்திய வம்சாவளியினர் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டது. 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற விதியின் அடிப்படையில், முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஊர் திரும்ப விரும்புவோருக்கோ, குழந்தையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்வதே முதல் வேலை. ஒரு வழக்கறிஞரின் கட்டணம், சான்றிதழ் எடுக்கப் பத்துத் தடவை தாலுகா அலுவலகம் சென்று வரும் பேருந்துச் செலவு ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளும் கொடையாளர் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடியவர்.

முகாமையொட்டி வாழும் உள்ளூர் ஏழைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்பில் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் மனக்கசப்பு எழாது. முகாம் பிள்ளைகளுக்கும் ஊருக்குள் நட்பு உண்டாகும்.

ஆறாம் படி: புரிந்துணர்வு ஒப்பந்தமும் செலவுக் கணக்கும்

ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள். வெளிநாட்டுச் சங்கத்துக்கு ஆங்கிலப் பிரதி வேண்டுமானால் பிறகு தயாரித்துக்கொள்ளலாம். நோக்கம், காலம், தொகை, தவணைத் தேதிகள், யார் எதற்குப் பொறுப்பு, வாங்கும் பொருள்கள் யாருக்குச் சொந்தம், கருத்து வேறுபாடு வந்தால் யார் தீர்ப்பார், எப்படி விலகுவது ஆகியவை அதில் இருக்க வேண்டும். உலக அளவில் 2016 மே மாதம் இஸ்தான்புலில் நடந்த மனிதாபிமான உச்சி மாநாட்டில், 2020க்குள் உதவி நிதியில் 25 விழுக்காட்டை இயன்றவரை நேரடியாக உள்நாட்டு அமைப்புகளுக்குத் தருவதாகப் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் உறுதியளித்தார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. சிறிய கொடையாளரான நீங்கள் அதைச் செய்வதற்கு எந்த மாநாடும் தேவையில்லை.

திட்டச் செலவு முழுவதும் பயனாளிக்கே போக வேண்டும், நிர்வாகத்துக்கு ஒரு ரூபாயும் தர மாட்டோம் என்று சில சங்கங்கள் பெருமையாக அறிவிக்கின்றன. அந்த நிபந்தனை நியாயமற்றது. ஆறு முகாம்களுக்குச் சென்றுவரும் களப்பணியாளருக்குப் பெட்ரோல் வேண்டும்; கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் வேண்டும்; ஆண்டுத் தணிக்கைக்குக் கட்டணம் உண்டு. அவற்றைத் தர மறுத்தால், குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் முகாம் இளைஞர் தம் கைக்காசைப் போட்டு உங்கள் திட்டத்தை நடத்துகிறார் என்றுதான் பொருள். சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இச்செலவுகளை வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள்.

அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கத்தில் கேட்டால் போதும். கிராமத்துக் கடையில் அச்சிட்ட ரசீது கிடைக்காமல் போகலாம். கையெழுத்துச் சீட்டை ஏற்றுக்கொள்வதாகவும், ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்றும் முன்பே பேசி வைத்தால், ஆண்டிறுதியில் தணிக்கையாளர் முன்னால் சங்கடம் நேராது.

ஏழாம் படி: பொருளோ பணமோ வழங்கும் நாள்

பயனாளிப் பட்டியலை அமைப்பும் முகாம் குழுவும் சேர்ந்து தயாரித்து, முகாம் அறிவிப்புப் பலகையில் மூன்று நாளாவது ஒட்டிவைக்க வேண்டும். குடும்ப அட்டையை மட்டும் பார்த்துப் பட்டியல் எடுத்தால் திருமணமாகித் தனிக்குடித்தனம் போன மகள், அட்டை பிரிக்கப்படாததால் விடுபடுவாள்; அலுவலர்கள் முகாமில் ஆள் எண்ணிப் பார்க்கும் சரிபார்ப்பு நாளில் இல்லாததால் பெயர் நீக்கப்பட்டவர் விடுபடுவார்; வெளிப்பதிவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் முதியவர் விடுபடுவார். பட்டியலைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல அந்த மூன்று நாள் அவகாசம் உதவும். நோய், குடும்ப வன்முறை போன்ற காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பெயரைப் பலகையில் போடாமல், அவர்களுக்கு வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

மேடை, பதாகை, சிறப்பு விருந்தினர் ஆகியவை தேவையில்லை. டோக்கன் கொடுத்து நேரம் பிரித்துவிட்டால் வெயிலில் வரிசை நிற்காது. மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதல் நேரத்தை ஒதுக்குங்கள். நன்கொடைப் பொருளைக் கையில் பிடித்தபடி நிற்கும் படம் எடுக்காதீர்கள். இலங்கையில் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கும் திரும்பிப்போக எண்ணுவோருக்கும் முகமும் பெயரும் பொதுவெளியில் வருவது ஆபத்தாகலாம். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையும் தடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: முறையீடும் பாதுகாப்பும்

2002இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளின் முகாம்களில், உதவிப் பொருளுக்கு ஈடாகச் சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியதாக உதவிப் பணியாளர்கள் மீதே குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. அதன் பிறகே இதற்கான நடத்தை விதிகள் உலகெங்கும் வகுக்கப்பட்டன. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் அதிகார வேறுபாடு உள்ள எந்த இடத்திலும் இது நேரலாம் என்பதால், உதவி இலவசம், அதற்காக யாருக்கும் எதையும் தர வேண்டியதில்லை என்பதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முறையிட, அமைப்புக்கு வெளியிலுள்ள ஒரு பெண்ணின் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். குழந்தை தொடர்பான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்ப்பதற்கு இடமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒன்பதாம் படி: விலகும்போது

எந்தக் கொடையாளரும் என்றைக்குமாக நிற்பதில்லை. குறைந்தது ஓராண்டுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவியுங்கள்; கணினி, தையல் இயந்திரம் முதலியவற்றை அமைப்பின் பெயருக்கோ முகாம் குழுவின் பொறுப்புக்கோ முறைப்படி மாற்றிக் கொடுங்கள்; வேறு கொடையாளரிடம் அந்த அமைப்பை அறிமுகப்படுத்திவையுங்கள். ஆசிரியருக்குக் கடைசி மூன்று மாத ஊதியத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். உங்கள் உதவியை நம்பிக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் கடைசியாகப் படிப்பை முடிப்பவரின் இறுதிப் பருவம் வரைக்குமான கட்டணத்தைத் தனியாக வைத்த பிறகே, மீதித் தொகை எவ்வளவு என்று கணக்கிடத் தொடங்குங்கள்.